தாயம்மாள் கழுவ விடாத அறை

என் தங்கை தாயம்மாள் தப்பு செய்தால் ‘நான்தான் செய்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். சரி என்று தெரிந்து செய்ததை யார் வந்து சொன்னாலும் மாற்ற மாட்டாள். இந்த இரண்டு குணத்தாலும் வேலை செய்த இடத்தில் அவளுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

நான் அவளுக்கு ஒன்பது வயது மூத்தவன். பெயர் குணசேகரன். எட்டாவது வரை படித்தேன். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் லாரிக்கும் வேனுக்கும் சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். இங்கே எழுதுவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவள் சொன்னதும் அவளுடைய நோட்டுகளில் இருப்பதும். அளவுகளை எல்லாம் நோட்டைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

அப்பா ஆவடி டாங்க் தொழிற்சாலையில் ஃபிட்டர். விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவர். நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். தாயம்மாள் என்ற பெயர் அங்கே வேறு எந்தப் பெண் பிள்ளைக்கும் இல்லை. அவள் பள்ளிக்கூடம் போகும்போது, “ஏய், ஆயா வருது, வழி உடுங்கடா” என்று பையன்கள் கத்துவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பெயர் எழுதும் நேரத்தில் தலைமையாசிரியர் இரக்கப்பட்டு, “வேணும்னா தயான்னு போட்டுடலாமாம்மா? நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல நல்லா இருக்கும்” என்றார்.

“வேலைக்கு நான்தான சார் போகப் போறேன். பேரு தனியாப் போகாது. தாயம்மாள்னே போடுங்க” என்றாள். அன்று அவளுக்கு வயது பதினைந்து.

1986இல் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநின்றவூரில் மனை வாங்கி, முன்பக்கம் இரண்டு அறை கட்டிக் குடியேறினோம். தாயம்மாள் பிளஸ் டூ முடித்தாள், டைப்பிங் முடித்தாள், ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். 1988இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். லாரிகளுக்கும் கார்களுக்கும் இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் அடித்துப் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. பெயர் வேண்டாம். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். திருநின்றவூரில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே போவாள்.

1990இல் கம்பெனி ஒரு சர்வர் வாங்கியது. மாவு அரைக்கும் கிரைண்டர் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. அதிலிருந்து ஆறு பிரிவுகளுக்கு ஒயர் போனது. எந்தப் பாகம் எத்தனை அடித்தார்கள், எந்த லாரியில் எது ஏற வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அது அச்சடித்துக் கொடுக்கும் சீட்டு இல்லாமல் எந்த லாரியும் கேட்டைத் தாண்ட முடியாது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை தாயம்மாளுக்கு வந்தது. அறையின் சாவியும் அவளிடம்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. முன்பு டூல் ஸ்டோர்ஸாக இருந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஷாப். நூறு டன் பிரஸ் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மேசையில் இருக்கும் பென்சில் ஒரு நூல் நகரும். இன்னொரு பக்கம் அக்கவுண்ட்ஸ். ஜன்னலில் மாட்டிய ஏசியின் பின்புறம் நிர்வாக அதிகாரி நாகேந்திரன் உட்காரும் வராந்தாவைப் பார்த்தது. பிரஸ் ஷாப்பில் ஆட்கள் வேர்வையில் ஊறிக்கொண்டிருக்க, ஒரு இரும்புப் பெட்டிக்கு ஏசியா என்று அவர்களுக்கு எரிச்சல். ஏசியின் இரைச்சலில் போனில் பேசுவது கேட்கவில்லை என்று நாகேந்திரனுக்கு எரிச்சல். அந்த அறையை விரும்பியவள் அந்தக் கம்பெனியிலேயே ஒருத்திதான்.

அவளும் அதைக் கெடுத்தாள். 1991 ஆயுத பூஜையில்.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எந்த இயந்திரமும் குளிக்காமல் பூஜைக்கு நிற்காது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தரை முழுக்கத் தண்ணீர் விட்டுத் தள்ளி, பிறகு சந்தனம், குங்குமம். பொட்டு வைத்த இயந்திரத்தை விஜயதசமி வரை ஓட்டக் கூடாது. அதற்கும் ஓய்வு வேண்டும் அல்லவா? தாயம்மாளும் தன் அறையை மற்றவர்களுக்குக் குறைவில்லாமல் செய்தாள். மூன்று பக்கெட் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். சர்வருக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, ஏசிக்கும் பொட்டு. எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டிவிட்டு வந்தாள்.

மூன்று நாள் விடுமுறை. மூன்று நாளும் மழை.

நான்காம் நாள் காலை கதவைத் திறந்ததும் நனைந்த துணியை மூட்டை கட்டி வைத்தது போல வாடை அடித்ததாம். தரை காயவே இல்லை. சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர். சர்வரின் நெற்றியில் வைத்த சந்தனத்தில் பூஞ்சை பூத்திருந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கருகிய வாசனை வந்து எல்லாத் திரைகளும் அணைந்துபோயின. நகரத்திலிருந்து வந்த பொறியாளர் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது என்றார். மாற்றுப் பாகம் வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. அதுவரை சீட்டுகளைக் கையால் எழுதினார்கள். அதில் பாதி தப்பு. எஸ்டேட் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன.

எனக்கு விஷயம் என் கடையில்தான் தெரிந்தது. சீட் மாற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர், “எவளோ ஒரு பொம்பள கம்ப்யூட்டரக் குளிப்பாட்டிட்டாளாம் அண்ணாத்தே. மூணு நாளா லோடு ஏத்திகினு நிக்கிறேன்” என்றார்.

“அவ என் தங்கச்சி” என்றேன்.

அவர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

நாகேந்திரன் அவளிடம் விளக்கம் கேட்டார். தப்பிக்க ஒரு வழியும் அவரே சொல்லிக் கொடுத்தார். “பெருக்கற அம்மா தெரியாம தண்ணி ஊத்திட்டாங்கன்னு எழுதிடுங்க மிஸ் தாயம்மாள். விஷயம் முடிஞ்சிடும்.”

அவள் எழுதியதன் நகல் என்னிடம் இருக்கிறது. நான்கு வரி. ‘நான் கழுவினேன். நான் அணைத்தேன். நான் பூட்டினேன். இனி இந்த அறையில் தண்ணீர் ஊற்ற யாரையும் விட மாட்டேன், என்னையும் சேர்த்து.’

அந்த வாரமே பாரிமுனைக்குப் போய், பள்ளிக்கூடச் சோதனைச் சாமான் விற்கும் கடையில் ஒரு கருவி வாங்கி வந்தாள். ஒரு பலகையில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் குமிழில் ஈரத் திரி சுற்றியிருக்கும். காற்று வறண்டிருந்தால் திரி வேகமாகக் காயும், அந்த தெர்மாமீட்டர் நன்றாக இறங்கும். காற்றில் ஈரம் அதிகமென்றால் இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றில் எத்தனை சதவீதம் ஈரம் என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். உலர்ந்தது 24, ஈரமானது 17 என்றால் பாதிக்குப் பாதி, அறைக்கு நல்லது. மழை நாளில் வராந்தாவில் அதைத் தொங்கவிட்டால் 29, 28 காட்டும். தொண்ணூறுக்கு மேல். காற்றில் பாதி குளம்.

ஒரு நாளைக்கு மூன்று முறை நோட்டில் எழுதினாள். ஏசி ஓடினால் ஈரம் ஐம்பதில் நிற்கும். ஒரு மணி நேரம் அணைத்தால் எழுபதைத் தாண்டும். ஆகவே ஏசி இரவும் பகலும் ஓட வேண்டும், விடுமுறையிலும் ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அனுமதி வந்ததோ இல்லையோ, ஓட விட்டாள்.

இப்போது சத்தத்தின் பெயரால் சண்டை தொடங்கியது. நாகேந்திரன் பியூனை அனுப்புவார்: “சாருக்கு மீட்டிங்காம், ஒரு மணி நேரம் ஏசிய நிறுத்தணுமாம்.” அக்கவுண்ட்ஸில் இருப்பவர்கள், பிரிண்டர் ஓடும்போது மிளகாய் மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றார்கள். அதில் பொய் இல்லை. நானே போய்க் கேட்டேன். பல் கூசியது.

தாயம்மாள் இரண்டு காரியம் செய்தாள். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள். தலைப்பு: ‘ஏசியை அணைக்கச் சொன்னவர்’. பியூன் வந்தால் நோட்டை நீட்டுவாள். அவர் தன் பெயரை எழுதப் போனால், “உங்க பேரு வேணாம், சார் பேரு வேணும். போய் கையெழுத்து வாங்கிட்டு வாங்க” என்பாள். அந்தக் கட்டத்தில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. பியூன் வருவதும் நின்றது.

இரண்டாவது காரியம், என்னைக் கூப்பிட்டது. “சத்தத்தக் காரணம் காட்டித்தாண்ணே நிறுத்தச் சொல்றாங்க. சத்தத்த நீ பிடி. ஈரத்த நான் பிடிச்சுக்கறேன்.”

பிரிண்டரை மூட ஒரு பெட்டி செய்தேன். பிளைவுட். உள்ளே தென்னை நார் மெத்தை வைத்து, ரெக்சின் போட்டுப் பொத்தான் வைத்துத் தைத்தேன். முன்னால் கண்ணாடி மூடி. இடுக்கே இல்லாமல் பொருந்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சத்தம் பாதிக்கும் கீழே போனது. இரண்டாம் நாள் பிரிண்டர் சூடேறி நின்றுவிட்டது. காற்றுப் போக வழி வைக்காமல் அடைத்துவிட்டேன். அதைவிடக் கேவலம் ஒன்று. நோட்டில் ஈரம் ஐம்பதிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது. என் கடையில் நாரை வெறும் தரையில் அடுக்கியிருந்தேன். அது குடித்திருந்த தண்ணீரை அவள் அறையில் கக்கிக்கொண்டிருந்தது.

“சத்தத்தக் குறைக்கச் சொன்னா ஈரத்தக் கூட்டி வெச்சிருக்க” என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நாரைப் பிடுங்கிப் போட்டு ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தேன். பின்பக்கம் காற்றுக்கு வழி விட்டேன், நேராக விடாமல் இரண்டு முறை மடக்கி. காற்று வளைந்து போகும், சத்தம் சுவரில் முட்டி நிற்கும். பிறகு ஏசி. அது மரச் சட்டத்தில் உரசித்தான் பாதி இரைச்சல். லாரி டியூபை வெட்டி நான்கு பக்கமும் ரப்பர் கொடுத்தேன். அதிலிருந்து வெளியே ஒரு தகரத்தில் டொக் டொக்கென்று சொட்டிய தண்ணீருக்கு ஒரு ஹோஸ் மாட்டித் தோட்டத்துக்கு விட்டேன். கதவு விளிம்பு முழுக்கத் தடித்த ஃபெல்ட் துணி ஒட்டினேன். அதன் பிறகு பிரஸ் ஓடும் நேரத்தில் அந்த அறையில் ஏசி இருப்பதே வெளியே தெரியாது.

அடுத்த ஆகஸ்டில், 1992, பிரஸ் ஷாப்பில் மனோகரன் என்ற ஆளுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. பிரஸ் ஷாப்பில் மூத்தவர் அய்யாசாமி. கொரட்டூர்க்காரர். பூஜை வேலையெல்லாம் அவர் தலைமையில்தான் நடக்கும். அந்த வருடம் ஒரு குறையும் இருக்கக் கூடாது, ஒரு ஸ்குரூடிரைவர் கூடக் கழுவாமல் விடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

பூஜை அன்று குடும்பத்தாரும் வேண்டியவர்களும் கம்பெனிக்குள் வரலாம். நானும் போயிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். பிரஸ்கள் எல்லாம் குளித்து, வாழைக்கன்று கட்டி நின்றன. அய்யாசாமி நான்கைந்து ஆட்களுடன் தாயம்மாளின் அறைக்கு வந்தார். கையில் பக்கெட், துடைப்பம். அவள் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றாள்.

“இன்னா தாயம்மா, பக்கெட்டப் பாத்தா பேயப் பாத்த மாரி நிக்கிற? நவுரு” என்றார் அய்யாசாமி.

“நீங்க வாங்கண்ணே. கற்பூரத் தட்டு வாசல் வரைக்கும் வரட்டும். பக்கெட்டு வராது.”

“தண்ணி இல்லாம இன்னா பூசை? அத்தினி மெசினும் குளிச்சிகினு நிக்குது. உன் மெசினு மட்டும் இன்னா, பெரிய எடத்துப் பொண்ணா?”

பின்னாலிருந்து ஒரு குரல்: “நாங்க டெய்லி வேர்வைல குளிக்கிறோம். அது ஏசில குந்திகினு கீது. வருசத்துக்கு ஒரு தபா குளிச்சா கரைஞ்சா பூடும்?”

“கரைஞ்சுதான் போச்சு. போன வருசம் நான்தான் குளிப்பாட்டுனேன். பதினோரு நாள் படுத்துச்சு. கையால சீட்டு எழுதி எழுதித் திட்டுனீங்களே, மறந்துட்டீங்களா?” என்றாள்.

சிரித்தார்கள். அய்யாசாமி சிரிக்கவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தபாரு, உன் கம்ப்யூட்டர் போனா வேற வாங்குவானுங்க. மனோகரன் வெரலு வருமா? பாதிப் பேரு பிரஸ்ஸுல கைய வெக்கவே பயந்துகினு கீறான். இந்த ஒரு ரூம உட்டுட்டு நான் பூசை போட்டு, நாளைக்கு எவன் கைக்காவது ஒண்ணுன்னா, என்னியத்தான் கேப்பானுங்க. நான் இன்னா சொல்றது?”

அவர் சொன்னது தாயம்மாளுக்கு விளங்காமல் இல்லை. கதவைத் திறந்து உள்ளே போனாள். ஸ்குரூடிரைவர் திருகும் சத்தம் கேட்டது. சர்வரின் மேல் தகட்டைக் கழற்றி, திறந்த பக்கத்தைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு, தகட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

“இது அதோட மேல் தகடு. முழுக்க இரும்பு. நல்லாக் குளிப்பாட்டுங்க, சந்தனம் பூசுங்க, உங்க பிரஸ் பக்கத்துல வெச்சுக் கும்பிடுங்க. துடைச்சு வெயில்ல காய வெச்சு என்கிட்டக் கொண்டாந்து குடுங்க. உள்ள இருக்கறதுக்குத் தண்ணி ஆகாது. நான் விட மாட்டேன்.”

அய்யாசாமி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாமி ஒத்துக்குமா?”

“சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க நாகேந்திரன் சார்கிட்டப் பேசுங்க, அதோ வர்றாரு.”

நாகேந்திரன் பட்டு வேட்டியில் வந்தார். ஜெனரல் மேனேஜர் குடும்பத்துடன் வரும் நேரம். அவர் தகட்டைப் பார்க்கவில்லை, நேராக ஏசியைப் பார்த்தார்.

“இது ஏன் ஓடுது? பூஜை அன்னிக்கு எந்த மெஷினும் ஓடக் கூடாதுன்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அணைங்க. சாவிய என்கிட்டக் குடுங்க. மூணு நாள் லீவு, தெரியுமில்ல?”

தாயம்மாள் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து விரித்தாள். பேனாவையும் மூடி கழற்றி நீட்டினாள்.

“இந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடுங்க சார். மணி பத்து நாப்பது. உலர்ந்தது இருபத்து நாலு, ஈரமானது பதினேழு. வானம் இருட்டிக்கிட்டு வருது. அணைக்கச் சொன்னவர் நாகேந்திரன்னு போட்டுக் குடுங்க, இந்த நிமிசமே அணைக்கறேன்.”

“என்கிட்டயே கையெழுத்தா?”

“போன வருசம் நான் போட்டேன் சார்.”

நாகேந்திரன் பேனாவைத் தொடவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “சத்தம் எப்படி இருக்கு பாருங்க. மந்திரம் சொன்னா காதுல விழுமா?”

எல்லோரும் காது கொடுத்துக் கேட்டோம். ரப்பர், ஃபெல்ட் எல்லாம் போட்டும் ஏசியின் ரீங்காரம் தெளிவாகக் கேட்டது. வருடம் முழுக்க ஓடும் பிரஸ்கள் அன்று ஒரு நாள்தான் நிற்கின்றன. அந்த அமைதியில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

தாயம்மாள் தயங்கவே இல்லை. “ஆமா சார், கேக்குது. பிரஸ் எல்லாம் நிக்கறதால கேக்குது. கேக்கட்டும். அது ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியணும்.”

நாகேந்திரனின் முகம் சிவந்தது. “மிஸ் தாயம்மாள், இப்ப அணைக்கலைன்னா இந்த ரூம் உங்களுக்கு இல்ல. லீவு முடிஞ்சதும் டெஸ்பாட்ச்ல உக்காந்து அட்டைப் பெட்டிக்கு லேபிள் எழுதுவீங்க.”

“எழுத்துல குடுங்க சார். குடுக்கற வரைக்கும் ஏசி ஓடும்.” சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்போது அய்யாசாமி தொண்டையைச் செருமினார். “சார், பொட்டு வெச்ச மெசினத்தான ஓட்டக் கூடாது? ஏசிக்கு நான் இன்னும் பொட்டு வெக்கல. வெக்கறதாவும் இல்ல. அது பூசைக்கணக்குலயே வராது.” பிறகு தன் ஆட்களைப் பார்த்து, “இன்னாடா பாத்துகினு கீறீங்க? தகட எடுத்துகினு வாங்க. குளிப்பாட்ட வேணாம்?” என்றார்.

நாகேந்திரன் கார் சத்தம் கேட்டு கேட் பக்கம் நடந்தார். பூஜை நடந்தது. தகடு நூறு டன் பிரஸ்ஸின் காலடியில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மத்தியானம் வெயில் இல்லாததால் அய்யாசாமியே அதைத் தன் துண்டால் மூன்று முறை துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சந்தனத்தைச் சுரண்டி ஒரு சின்னப் புள்ளி மட்டும் விட்டு வைத்திருந்தார். அது முழுக்கக் காய்ந்திருக்கிறதா என்று தாயம்மாள் விரலால் தடவிப் பார்த்த பிறகே உள்ளே எடுத்துப் போனாள்.

மழை அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டது. விடுமுறை மூன்று நாளும் அவள் திருநின்றவூரிலிருந்து ரயிலேறிப் போய் அளவு எடுத்துவிட்டு வந்தாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். திறக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வராந்தாவில் 28, 27. உள்ளே 24, 17. மூன்று நாளும் அதுதான். நான்காம் நாள் சர்வர் முதல் சுவிட்சிலேயே எழுந்தது. ஒன்பது மணிக்கு முதல் லாரி கேட்டைத் தாண்டியது.

ஆனால் கடிதம் வந்தது. மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டு, இனிக் கீழ்ப்படிந்து நடப்பதாக மூன்று நாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் டெஸ்பாட்ச்.

வீட்டில் அம்மா கண்ணம்மா சொன்னாள்: “ரெண்டு வரி எழுதிக் குடுத்தா கை தேஞ்சா போயிரும்? வேலை முக்கியமில்லையாடி?”

“தப்புப் பண்ணுனா எழுதுவேன்மா. போன வருசம் எழுதலையா?”

நானும் எழுதிக் கொடுத்துவிடு என்றுதான் சொன்னேன். அதை மறைக்க மாட்டேன். தாயம்மாள் என் பக்கம் திரும்பினாள். “காத்து போகாம பொட்டிய அடைச்சப்ப, தப்புன்னு நீயே ஒத்துக்கிட்டுப் பிரிச்சு தைச்ச. நான் உன்னைய மதிச்சேன். சரியாத் தைச்ச சீட்ட எவனாவது ஆபீசர் வந்து தப்புன்னு எழுதிக் குடுன்னா குடுப்பியா?”

“கொடுக்க மாட்டேன்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அவள் கடிதம் எழுதினாள். மன்னிப்பு அல்ல. இரண்டு ஆயுத பூஜையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கோடு கிழித்த தாளில் அளவுகளை எழுதினாள். போன வருடத்துக்கு அளவே இல்லை. அந்த இடத்தில் ‘பதினோரு நாள்’ என்று மட்டும் எழுதினாள். கடைசியில் ஒரு வரி: ‘அடுத்த ஆயுத பூஜைக்கும் ஏசியை அணைக்க மாட்டேன் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.’ அதை நாகேந்திரனுக்கு ஒன்றும் ஜெனரல் மேனேஜருக்கு ஒன்றுமாகக் கொடுத்தாள். மேசையைச் சுத்தம் செய்து, தன் டப்பா, குடை, நோட்டு எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டாள். டெஸ்பாட்ச் என்றால் டெஸ்பாட்ச். ஆனால் மன்னிப்பு இல்லை.

ஜெனரல் மேனேஜர் மறுநாள் அந்த அறைக்கு வந்தார். அதுவரை அவர் உள்ளே வந்ததே இல்லையாம். இரண்டு தெர்மாமீட்டரையும் குனிந்து பார்த்தார். நோட்டைப் புரட்டினார். அணைக்கச் சொன்னவர் கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாக இருந்ததைப் பார்த்து, “இதுல யாருமே இல்லையே” என்றார்.

“சொன்னாங்க சார். எழுதத்தான் ஆள் வரல” என்றாள்.

அவர் நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து நாகேந்திரனே உத்தரவைக் கொண்டுவந்தார். கதவைத் திறந்து வாசலில் நின்றபடி நீட்டினார். உத்தரவை மீறியதற்காக ஒரு வருட இன்க்ரிமென்ட் நிறுத்தம். சர்வர் அறைப் பொறுப்பு அவளிடமே தொடரும். விடுமுறை நாட்களிலும் ஏசி இயங்கும். தாயம்மாள் இரண்டு முறை படித்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.

“ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தா இந்த இன்க்ரிமென்ட் போயிருக்காதில்ல?” என்றார் நாகேந்திரன்.

“அத வெட்டிக்குங்க சார். மன்னிப்பு நான் கேக்க மாட்டேன்” என்றாள். “வேற ஏதாச்சும் இருக்கா? கதவு தொறந்திருக்கு. ஈரம் வருது.”

அவர் நகர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். முகத்தில் அறைந்த மாதிரிச் சாத்தினாள் என்று பிறகு அக்கவுண்ட்ஸில் பேசிக்கொண்டார்களாம். அப்படி இருக்க முடியாது. நான் ஒட்டிய ஃபெல்ட் அது, எவ்வளவு வேகமாகச் சாத்தினாலும் சத்தம் வராது.